கடைசி வரிசைக் கன்னடம்

நம் சபையின் ஆண்டு மலருக்காகப் பழைய ஆட்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குகிறார்கள். எனக்கு வந்த தலைப்பு, ‘என் ஊழியத்தை நான் கண்டுகொண்ட விதம்.’ மரியாதையாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் கர்த்தர் அழைத்தார், நான் கீழ்ப்படிந்தேன் என்று இருக்கும். கர்த்தர் அழைத்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நாலு பேர் என்னைத் துரத்தினார்கள், அதையும் எழுத வேண்டாமா? அந்த மிச்சத்தை உங்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் என் வயசுக்காரர்கள். முட்டி வலிக்குத் தைலமும் பிரஷருக்கு மாத்திரையும் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர்கள். உங்களில் பாதிப் பேர் பின்னால் வேலைக்கு வந்து ஓசூரில் குடியேறியவர்கள், இதெல்லாம் தெரியாது. நான் பெருமையடிக்கப் போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். அறுபது வயதில் அடிக்காமல் எப்போது அடிப்பது?

எனக்கு அப்போது பத்து வயது. ஊருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவே இருந்த கேழ்வரகுக் கொல்லைகளில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. தெற்கேயிருந்து டிரங்குப் பெட்டியும் பாட்டுப் புத்தகமுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் அப்பாவும் அப்படி, நான் பிறப்பதற்கு முன்பே முதல் ஆட்களோடு வந்தவர்தான், திருநெல்வேலிப் பக்கம், லேத்தில் டர்னர். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் இயந்திர எண்ணெய் வாசனை போகாது. அந்த வாசனைதான் எனக்கு அப்பா. நம் கோயிலுக்கு அப்போது ஓடுகூட இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஆடி மாதத் தூறல் விழுந்தால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காருவோம். அப்படி ஒரு குளிர் பழைய ஓசூரில்.

ஞாயிறு பள்ளித் தலைவரை நாங்கள் சூப்பர்வைசர் என்போம். வாரத்தில் ஆறு நாள் அவர் என் அப்பாவுக்கு லைன் சூப்பர்வைசர், ஏழாம் நாள் எங்களுக்கு. அவரும் தெற்கத்திக்காரர். நல்ல மனுஷன், ஆனால் தொழிற்சாலையைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. எங்களுக்காக ஒரு பலகை செய்து பச்சை பெயிண்ட் அடித்து, கொக்கிகள் அறைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதி வைத்தார்: பாட்டு, மணி, பூ, வாசிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அலுமினிய வில்லை, அதில் பஞ்ச் உளியால் தட்டிப் பதித்த பெயர். யாருக்கு என்ன ஊழியமோ அந்தக் கொக்கியில் அவர்கள் வில்லை தொங்கும். எந்த வேலையும் ஒத்துவராத பிள்ளையின் வில்லைக்கு ஓரத்தில் சிவப்பு பெயிண்ட் தடவி, கீழே தனியாக ஓர் ஆணியில் மாட்டுவார். அதற்கு ‘ரிசர்வ்’ என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் அப்பாக்கள் எல்லாம் மெஷினில் நிற்கிறவர்கள். அங்கே கழித்துப் போட்ட பீஸுக்குத்தான் சிவப்பு தடவுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?

அறுப்பின் பண்டிகை அன்று ஒவ்வொரு பிள்ளையும் பீடம் வரைக்கும் நடந்து போக, அவர் பெயரையும் ஊழியத்தையும் சத்தமாக வாசிப்பார். சிவப்பு வில்லைக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. புதுக் கவுன் வேண்டாம், தின்பண்டம் வேண்டாம். என் பெயருக்குப் பின்னால் ஒரு வேலை வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பாட்டு. என் தொண்டையைப் பற்றி இன்றைக்கும் உங்களில் சிலர் கிண்டல் பண்ணுகிறீர்கள், அப்போது இன்னும் மோசம். பாட்டு சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா இரண்டே வாரத்தில் என் தோளில் கை வைத்து, “பாப்பா, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும். ஆண்டவர் மனசைத்தான் பாக்கறாரு” என்றார்.

“மனசைத்தான் பாக்கறாருன்னா நான் சத்தமா பாடினா அவருக்கு என்னங்க?” என்று கேட்டேன். வில்லை மறுவாரமே இடம் மாறியது.

அடுத்து பூ. எல்லையோரத்துத் தளிப் பக்கத்திலிருந்து சாமந்தி கூடையாக வரும். அதைப் பிரித்துப் பீடத்தில் அடுக்க வேண்டும். சாமந்தி வாசனை மூக்கில் ஏறினால் எனக்குத் தும்மல் நிற்காது. ஜெபம் முழுக்கத் தும்மினேன். போதகர் ‘ஆமென்’ சொன்ன பிறகும் தும்மினேன்.

மணி அடிக்கிற கதைதான் ஊர் சிரித்த கதை. தொழிற்சாலைச் சங்கு எட்டரைக்கு ஊதும்போது கோயில் மணியும் அடிப்பது வார நாள் கூட்டங்களில் வழக்கம். ஞாயிறன்று சங்கு கிடையாது, கோயில் காவல்காரர் கடிகாரம் பார்த்துத் தலையாட்டினால்தான் அடிக்க வேண்டும். அந்த ஞாயிறு அவரைக் காணோம். ஏதோ அவசர ஆர்டர் என்று தொழிற்சாலையில் ஓவர்டைம் வைத்துவிட்டார்கள், காலை ஏழு மணிக்கே சங்கு ஊதியது. நான் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். லைன் வீடுகளிலிருந்து ஜனம் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. ஒரு மாமா பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்தார். வந்தவர்கள் திரும்பிப் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், ஒன்றரை மணி நேரம் வெறும் வயிற்றோடு வெயில் காய்ந்தார்கள். சங்குக்கு வாழ்ந்து பழகின ஊரில்தான் இப்படியெல்லாம் நடக்கும். சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. பலகை பக்கம் போய் என் வில்லையைக் கழற்றினார்.

கடைசியாக வேத வாசிப்பு. நான் வாசித்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள், “நீ தமிழை கன்னடத்துக்காரங்க மாதிரி இழுக்கற.” நான் மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தளிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் பிறந்த வீட்டில் கன்னடம்தான். எங்கள் வீட்டிலும் அப்பா வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் நானும் அம்மாவும் பேசுவது கன்னடம்தான். ஆனால் கோயில் வாசலை மிதித்தால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கல்யாணமான புதிதில் பெண்கள் ஐக்கியத்தில் அவளை ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக வந்திருக்கிறது. தெற்கத்திப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பத்து வருஷமாக அவள் வாய்விட்டு ஜெபித்ததில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் பேரன் எடுத்த பிறகுதான். அதுவரை அவளுக்குக் கூச்ச சுபாவம் என்றே நினைத்திருந்தேன். என் அம்மாவாவது கூச்சப்படுவதாவது.

இப்படியாக நான் சிவப்பு வில்லைக்காரி ஆனேன். சூப்பர்வைசர் தேநீர் இடைவேளையில் அப்பாவிடம், “ஒம் மவளுக்கு ஒரு வேலையும் ஒட்டமாட்டேங்கு” என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

ரிசர்வ் பிள்ளைகள் கடைசி ஜமுக்காளத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அங்கே ஐந்தாறு பெண்கள் எப்போதும் இருப்பார்கள். தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். பிரசங்கம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருத்திதான் சாமந்தி கொண்டு வருகிற பூக்காரக்கா. அவள் கிட்டே ஈர மண்ணும் பூவும் கலந்து ஒரு வாசனை வரும், எனக்குத் தும்மலும் வரும். முதல் ஞாயிறே அவள் என் பக்கம் சாய்ந்து, “ஏனு ஹேள்தாவ்ரே?” என்றாள். போதகர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறாள். அவ்வளவு நாளாக யாருமே அவளுக்குச் சொல்லவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. அடுப்படியில் அம்மாவிடம் பேசுகிற மாதிரியே பதில் சொன்னேன். ஒருத்தர் நூறு ஆடு வைத்திருந்தார், ஒன்று காணாமல் போய்விட்டது, மிச்சத்தை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறார் என்றேன். மற்ற பெண்களும் நகர்ந்து வந்து கிட்டே உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் இதே வேலை. போதகர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் கிசுகிசுவென்று கன்னடத்தில் இறக்குவேன். பெரிய பெரிய வார்த்தைகள் வந்தால் என் அடுப்படிக் கன்னடத்தில் அதற்கெல்லாம் பாத்திரம் கிடையாது. அதனால் இடித்துப் பொடித்துச் சின்னதாக்கிக் கொடுப்பேன். நாக்கு வறண்டு போகும். ஆராதனை முடிகிறபோது பசி பிய்த்துக்கொண்டு போகும். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

பூக்காரக்கா சும்மா கேட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லை. “அவரு ஒத்த ஆட்டைத் தேடிப் போனாரே, மிச்சத்தை யாரு பார்த்துக்கிட்டாங்க?” என்று கன்னடத்தில் கேட்டாள். அவள் ஆடு மேய்த்தவள்.  ஆராதனை முடிந்ததும் ஓடிப் போய்ப் போதகரிடம் கேட்டேன். தன் பிரசங்கத்தை ஒரு ஆள் கேட்டிருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம். தலையைச் சொறிந்து, மற்ற மேய்ப்பர்கள் பார்த்திருப்பார்கள் என்றார். கல்யாண வீட்டில் தண்ணீர் திராட்சரசமான கதை வந்தபோது, “தண்ணி சுமந்த வேலைக்காரங்களுக்கு அதுல ஒரு வாய் குடுத்தாங்களா?” என்று கேட்டாள். அதையும் கொண்டு போனேன்.

ஒரு ஞாயிறு, செத்துப் போன சின்னப் பெண்ணை இயேசு கையைப் பிடித்து எழுப்பின கதை. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் பூக்காரக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எந்திரிச்ச பிறகு அந்தப் பொண்ணுக்குச் சாப்பிட என்ன குடுத்தாங்க?”

அதைப் போதகரிடம் கேட்டபோது அவர் என்னையே பார்த்தார். “கஞ்சி குடுத்திருப்பாங்கம்மா” என்றார். நான் ஓடி வந்து, கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்களாம் என்று அக்காவிடம் சொன்னேன். “காய்ச்சல்ல கெடந்த பிள்ளைக்கு அதுதான் சரி” என்றாள். அவளுடைய ஒரே பெண் எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது என்றும், ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுது ஜெபம் பண்ணினார் என்றும், அன்றிலிருந்துதான் அவள் கோயிலுக்கு வருகிறாள் என்றும் மற்ற பெண்கள் எனக்குச் சொன்னார்கள்.

இப்போது ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விகளெல்லாம் என்னுடையவை என்று போதகர் நினைத்துக்கொண்டார். அப்பாவைக் கூப்பிட்டு, “உங்க மகளுக்குப் பெரியவங்களுக்கு வராத கேள்வியெல்லாம் வருது” என்று சொன்னார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் மணியடித்துக்கொண்டே வந்தார். நான் மறுக்கவில்லை. சிவப்பு வில்லை தொங்குகிற பிள்ளைக்கு அந்த மாதிரி ஒரு பாராட்டு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள், சொல்லுங்கள்.

கர்த்தர் உடனே கவனித்துவிட்டார். அடுத்த வாரம் என் கிசுகிசுப்பு கொஞ்சம் சத்தமாகிவிட்டது. சூப்பர்வைசர் எழுந்து பின்னால் வந்தார். “பிரசங்க நேரத்துல என்னட்டி பேச்சு?” என்று என் கையைப் பிடித்துத் தூக்கி, முன்வரிசையில் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சபை முழுக்கப் பார்த்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசி ஜமுக்காளத்துப் பெண்கள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “அவங்களுக்குப் புரியலப்பா. நான் கன்னடத்துல சொன்னேன்” என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா களி கிண்டுவதை நிறுத்தாமல், “சும்நிரு” என்றாள். வாயை மூடு என்று என்னைத்தான் சொன்னாள். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். சூப்பர்வைசரின் மனைவி எனக்குப் புளிப்பு மிட்டாய் கொடுப்பார். அதுகூட இனிக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் பூக்காரக்கா ஞானஸ்நானம் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் போய் வா என்று சொல்லிவிட்டார், அவருக்கு அதில் சண்டை இல்லை. சபைக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், அதில் சூப்பர்வைசரும் ஒருவர், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோயிலின் பக்க அறையில் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். விசுவாசம் என்றால் என்ன, இரட்சிப்பு என்றால் என்ன, எல்லாம் தமிழில், அதுவும் தெற்கத்தித் தமிழில். அவளுக்குப் பூ விற்கிற அளவுக்குத்தான் தமிழ். நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் வந்து ஜன்னலைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு கூடையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். உள்ளேயிருந்து வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “ஒண்ணும் தெரியல அந்தம்மாவுக்கு. பூ கொண்டாந்து குடுக்கத்தான் வாரா. அடுத்த வருஷம் பாப்போம்.”

அன்றைக்கு எனக்கு நிலைகொள்ளவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றால், பெரியவர்களுக்கு வராத கேள்வி யாருக்கு வந்தது? அந்தக் கேள்விகள் என் பெயரில் இருந்தன. நான் எடுத்து வைத்துக்கொண்டதால்தான் அவள் வெறும் கையோடு அங்கே நின்றாள். பத்து வயதில் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். போதகரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது தெரிந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் போய், “அந்தக் கேள்வி எதுவும் என்னோடது இல்லீங்க ஐயா” என்றேன்.

“எந்தக் கேள்விம்மா?”

“ஆடு, கல்யாண வீடு, கஞ்சி. எல்லாம் பூக்காரக்கா கேட்டது. நான் கொண்டாந்து குடுத்தேன்.”

போதகர் கை கொடுப்பதை நிறுத்திவிட்டார். “கஞ்சி கேட்டதுமா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. அவங்க பொண்ணு காய்ச்சல்ல செத்துப் போச்சு.”

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். “நேத்து அஞ்சு பேரு கேட்டோம்லா. வாயே தொறக்கலயே.”

“தமிழ்ல கேட்டீங்க” என்றேன்.

“அப்படில்லாம் ஆளுக்கொரு சட்டம் போட முடியாது ஐயா. இன்ஸ்பெக்‌ஷன்ல கழிஞ்சது கழிஞ்சதுதான்.”

அப்போது என் அப்பா பேசினார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். “சார், கேஜ் தப்பா இருந்தா பீஸை ரிஜெக்ட் பண்ணலாமா?” என்றார். கேஜ் என்றால் பீஸின் அளவு சரியா என்று பார்க்கிற கருவி. அது கோணலாக இருந்தால் நல்ல பீஸும் குப்பைக்குத்தான் போகும். இது சூப்பர்வைசரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?  தன் மேலதிகாரியை எதிர்த்து அப்பா பேசியது அந்த ஒரு தடவைதான், முப்பது வருஷ சர்வீஸில். அப்பாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

போதகர் சொன்னார், “அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால நானே கேக்குறேன். பாப்பா பக்கத்துல நின்னு சொல்லட்டும். அவங்க பதில் சொன்னா அங்கனயே ஞானஸ்நானம்.”

சூப்பர்வைசரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் எடுபடாது. அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு அவர் பலகையில் புதிதாக ஒரு கொக்கி அறைந்தார். கீழே என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, ஒன்றும் எழுதாமலே விட்டுவிட்டார். என் வில்லையின் சிவப்பை, பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டு அவர் கையாலேயே துடைத்தார். பீடத்துக்கு நடக்கும்போது என் பெயரை வாசித்துவிட்டு, “கன்னடம்” என்று மட்டும் சொன்னார். கோயிலைப் பெரிதாகக் கட்டியபோது அந்தப் பலகையும் வில்லைகளும் எங்கே போயினவோ, நான் விசாரிக்காத ஆள் இல்லை.

ஆனால் ஞானஸ்நான ஞாயிறுக்கு முந்தின அந்த ஒரு வாரம் இருக்கிறதே. அப்பா பக்கத்து லைன் வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். அம்மா மட்டும் முகம் கொடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, “எல்லாருக்கும் தெரிஞ்சிடும்” என்றாள்.

“என்ன தெரிஞ்சிடும்?”

“உனக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு.”

ஞானஸ்நானக் கேள்விகளைப் போதகர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பெரும்பாலும் எனக்குச் சொல்ல வந்தது. ‘உயிர்த்தெழுதல்’ என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது” என்றாள். அன்றைக்குச் சாயங்காலமும் கேட்டேன். தெரியாது என்றாள். எனக்குத் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று. கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பிவிட்டது. என்னவோ நடக்கப் போகிறது என்று சும்மா வருகிறவர்களும் வந்திருந்தார்கள். பூக்காரக்கா வெள்ளைச் சேலையில் இருந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் கையில் கூடை இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் அவள் பக்கத்தில், எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையோடு. முன்னால் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் நிதானமாகக் கேட்டார். கெட்ட வழியை விட்டுவிடுகிறாயா? நான் சொன்னேன். அக்கா, “ஹௌது” என்றாள். ஆமாம் என்று அர்த்தம், அது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. உலகத்தைப் படைத்தவரை நம்புகிறாயா? ஹௌது. அவருடைய குமாரனை நம்புகிறாயா? ஹௌது. அவள் குரல் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமானது. என் குரலும்தான். பாட்டுக்கு உதவாத அந்தக் குரல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மோதிக் கணீரென்று திரும்பி வந்தது. எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

“மரித்தோர் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறாயா?”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அடுப்படி முழுக்கத் தேடினேன், அந்த வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் இடித்துப் பொடித்தவளுக்கு அதை எப்படிப் பொடிப்பது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். கமிட்டியில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தார். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தது.  இவளும் போய்விடுவாள், நானும் அந்த ரிசர்வ் ஆணியிலேயே கிடப்பேன்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் யாரோ எழுந்தார்கள். அம்மா. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அவள் அதைச் சரி பண்ணவில்லை. கோயிலுக்குள் பத்து வருஷமாக யாரும் கேட்காத குரலில், தெளிவாக, “சத்தோரு மத்தெ எத்து பர்த்தாரெ. அத நம்புத்தீரா, அக்கா?” என்றாள்.

செத்தவர்கள் மறுபடி எழுந்து வருவார்கள், அதை நம்புகிறீர்களா என்று. இவ்வளவுதான் அந்தப் பெரிய வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை.  அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து அம்மாவைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், மாநாட்டு மேடைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். என் அம்மா பேசிய அந்த ஒரு வரிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பூக்காரக்கா ‘ஹௌது’ சொல்லவில்லை. அம்மா பக்கம் முழுசாகத் திரும்பினாள். 

“நன் மகளூ பர்த்தாளா?” என்றாள்.

அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போதகர் குனிந்து, “அவங்க என்ன கேக்குறாங்கம்மா?” என்று என்னைக் கேட்டார்.

அதுவரைக்கும் பேச்சை முன்னாலிருந்து பின்னாலேதான் நான் கொண்டு போனேன். பின்னாலிருந்து முன்னால் கொண்டு வந்ததையெல்லாம் என் பெயரில் கொண்டு வந்தேன். இந்தத் தடவை சபையைப் பார்த்துத் திரும்பி நின்று, கமிட்டிக்காரர்கள் ஐந்து பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “அவங்க பொண்ணும் எந்திரிச்சு வருமான்னு அவங்க கேக்கறாங்க, ஐயா.”

போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டார்.  கண்ணாடியைக் கழற்றினார்.

“வருவான்னு சொல்லும்மா” என்றார்.

“பர்த்தாளெ, அக்கா” என்றேன்.